கப்பல் சாரின் வழியனுப்புரை

சிரிப்புதான் மனிதனை மற்ற உயிர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்று பெரியவர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கணக்குப்படி, லிஃப்ட் கம்பெனியின் ஆங்கிலக் கடிதப் பிரிவுத் தலைவர் மனித இனத்தில் சேர்ந்தது தலை நரைத்த பிறகுதான்.

அதுவரை அவருக்கு அலுவலகத்தில் கமா சார் என்று பெயர். லிஃப்ட் பாதியில் நின்றது, கதவு சட்டையைக் கடித்தது, ஐந்தாம் மாடியை அழுத்தினால் இரண்டாம் மாடிக்குப் போகிறது என்று வாடிக்கையாளர்கள் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துப் பதில் அனுப்புவது அவர் பிரிவின் வேலை. அந்த வருத்தத்தில் கமா இடம் மாறியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எழுதியவர் மேசைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நிற்பார். திருத்தி முடிக்கும்வரை நிற்பார். சாப்பாட்டு அறைக்குள் அவர் டப்பாவோடு நுழைந்தால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

இப்படியிருக்கையில், ஊழியர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. சம்பளத்தைத் தொடாமல் அதைச் செய்யக்கூடிய ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. அந்தப் பெண்மணி எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு ஆங்கில வாக்கியம் கொடுத்தார். தினமும் அலுவலகத்தில் பேசுகிற, எழுதுகிற வாக்கியம்தான். அதைப் பழைய கடற்கொள்ளைக்காரன் பேசுவதுபோல் மாற்றிச் சொல்ல வேண்டும். வணக்கத்துக்கு 'அஹாய்', நண்பனுக்கு 'மேட்டி', எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் தொண்டையைக் கரகரத்து ஒரு 'ஆர்ர்ர்'. அவ்வளவுதான் இலக்கணம்.

கமா சாருக்கு வந்தது, 'தங்கள் லிஃப்ட் சரிசெய்யப்படும்வரை படிகளைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்ற வாக்கியம். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். இடுப்பில் கை வைத்தார். பிறகு, ஆங்கிலத்தில், யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்: அஹாய், உப்புத்தண்ணீர் எலிகளே, உங்கள் பறக்கும் பீப்பாய் செத்துவிட்டது, கால் உள்ளவன் ஏறட்டும், கட்டைக்கால்காரன் கீழேயே கிடந்து நாறட்டும், ஆர்ர்ர்.

கணக்கர் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது. மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். யாரோ 'இன்னொரு தடவை சார்' என்றார்கள். அவர் இன்னொரு தடவை சொன்னார். அன்று சாப்பாட்டு அறையில் அவருக்காக நாற்காலி நகர்த்திப் போட்டார்கள்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். "எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க."

"உங்களைப் பார்த்தா?"

"என்னைப் பார்த்து இல்ல. நான் சொன்னதைக் கேட்டு."

"நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி அடுப்பைப் பார்க்கப் போனார்.

மறுநாளிலிருந்து அவர் கப்பல் சார். ஒரு மத்தியானத்துக்காகக் கொடுத்த விளையாட்டை மற்றவர்கள் அன்றே வைத்துவிட்டுப் போனார்கள். அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். காலையில் லிஃப்டில் ஏறினால் 'அஹாய்'. தண்ணீர் தீர்ந்தால் 'கப்பலில் தாகம், மேட்டி'. மேலாளர் கூப்பிட்டால் 'மேல்தளத்தில் கேப்டன் கர்ஜிக்கிறார்'. விடுப்பு விண்ணப்பத்தில், பல் பிடுங்கக் கரையிறங்க வேண்டியிருப்பதாக எழுதினார். மேலாளர் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் சிரித்தார்கள். அடுத்த மாதம் புன்னகை. அதற்கடுத்து மூக்கு வழியாக ஒரு சின்னக் காற்று மட்டும் வந்தது. வேறு ஒருவராக இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துகொண்டிருப்பார். கப்பல் சாரோ, ரசனை முதிரும்போது சத்தம் குறையும் என்று தமக்குள் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டார். உள்ளூர ஒரு பயமும் இருந்தது. கப்பலை நிறுத்தினால் மறுபடியும் கமாதான். கமாவுக்கு யாரும் நாற்காலி போட மாட்டார்கள்.

மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் இருந்தவர் அக்கா. மேலாளர் உட்பட எல்லாருக்கும் அவர் அக்காதான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருக்கும் மணியை அழுத்தினால் அக்காவின் மேசையில் ஃபோன் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், வேலை அதுதான். மெக்கானிக் வேறொரு கட்டிடத்தில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருப்பார். அக்கா இங்கே, "இதோ, தெருமுனைக்கு வந்துட்டாரு, நீங்க கீழ உக்காந்துக்குங்க, பேகைப் பக்கத்துல வச்சுக்குங்க, வீட்ல இன்னிக்கு யார் சமையல்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அழுதவர்கள் குழம்புக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கதவு திறந்த பிறகும் ஃபோனை வைக்க மனமில்லாமல் பேசியவர்கள் உண்டு.

அந்த அக்கா ஓய்வு பெறும் நாள் வந்தது. இந்த அலுவலகத்தில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. ஓய்வு பெறுபவரையும் அவர் குடும்பத்தாரையும் மேடையில், எல்லாரையும் பார்த்தபடி உட்கார வைப்பார்கள். கடிதப் பிரிவுத் தலைவர் பக்கத்தில் நின்று வழியனுப்புரை வாசிப்பார். உரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் பேசுகிற மொழியில் சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும், புரிந்துவிட்டால் கனம் போய்விடும் என்பது அந்தக் காலத்து மேலாளர் யாரோ கண்டுபிடித்த உண்மை.

விழாவுக்குச் சில நாள் முன்பு அக்கா அவர் மேசைக்கு வந்தார்.

"சார், கொஞ்சம் பேசலாமா."

"அஹாய், அக்கா. பேசுங்க, காத்து நம்ம பக்கம்தான் வீசுது."

லிஃப்ட் கதவு மூடட்டும் என்று நிற்பவரைப் போல அக்கா அது முடியும்வரை காத்திருந்தார். "வெள்ளிக்கிழமை எங்க பெரியண்ணன் வர்றாரு, சார்."

"வரட்டும், வரட்டும்."

"அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. நான் வேலைக்குச் சேந்தப்போ என்கூடப் பேசாம இருந்தாரு. இப்பவும் யாராவது கேட்டா, 'அவ எங்கேயோ ஃபோன் எடுக்கறா'ன்னுதான் சொல்வாரு. நான்தான் பிடிவாதமா, ஒரு தடவை வந்து பாருங்கண்ணான்னு கூப்பிட்டிருக்கேன்."

"நல்ல காரியம்."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா முகத்தைப் பார்ப்பாரு. பேசறவங்க முகம், கேக்கறவங்க முகம். அதனால அன்னிக்கு மட்டும் கப்பல் வேண்டாம், சார். நம்ம லெட்டர்ல எழுதற இங்கிலீஷே போதும். கமாவெல்லாம் போட்டு."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நெஞ்சில் கை வைத்து, "கண்டிப்பா, அக்கா. நீங்க கவலையே படாதீங்க" என்றார். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார்.

உரையை அன்றே எழுதினார். கடமை உணர்வு, நேரம் தவறாமை, அர்ப்பணிப்பு எல்லாம் வந்தன. படித்துப் பார்த்தால், லிஃப்ட் நின்றுபோன வாடிக்கையாளருக்கு எழுதிய பதில் மாதிரி இருந்தது. கடைசி வரியில் பழக்க தோஷத்தில் சிரமத்துக்கு வருத்தம்கூடத் தெரிவித்திருந்தார். அதை அடித்தார்.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கணக்கர் பிடித்துக்கொண்டார். "என்ன கப்பல் சார், வெள்ளிக்கிழமை பீரங்கியெல்லாம் உண்டா?"

"இல்லப்பா. சாதாரணமாப் பேசச் சொல்லிட்டாங்க அக்கா."

"அடப் போங்க சார். அப்ப நான் கேக்கை மட்டும் சாப்பிட்டுட்டு நைசா நழுவிடறேன்."

கணக்கர் ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். தண்ணீரைக் குடித்துவிட்டு அதை மறந்தும் போனார். கப்பல் சார் மறக்கவில்லை. அன்று மாலையே அதே உரையைக் கொள்ளைக்கார மொழியில் இன்னொரு தாளில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிப்பதற்கில்லை, சும்மா ஒரு தைரியத்துக்கு.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. மேடையில் அக்கா, அக்காவின் கணவர், பெரியண்ணன். கணவர் எதைப் பார்த்தாலும் தலையாட்டும் சுபாவம் உள்ளவர். பெரியண்ணன் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, மடக்கிய குடையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்தி அதன் பிடியில் கை வைத்திருந்தார். மேலாளர் வரவேற்றபோது எழுந்து கை கொடுத்துவிட்டு, கொடுத்த கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அக்கா நேராக உட்கார்ந்திருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் அவருக்கு.

கப்பல் சார் மைக் முன் நின்று முதல் தாளைப் பிரித்தார். நல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கடமை உணர்வைக் கடந்தார். நேரம் தவறாமைக்கு வந்தபோது பின்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அர்ப்பணிப்பில் ஒரு கொட்டாவி தொடங்கி, ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவி, மூன்றாவது வரிசையில் முடிந்தது. கணக்கர் கேக் பக்கம் தலையைத் திருப்பினார்.

பெரியண்ணனின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து தங்கையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அவர் அந்த அமைதியை எடுத்துக்கொண்டார். உண்மையில் அந்த உரை அப்படியே முடிந்திருந்தால், அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே சிறந்த வழியனுப்பு அதுவாக இருந்திருக்கும்.

கப்பல் சார் பெரியண்ணனைப் பார்க்கவில்லை. கொட்டாவியைத்தான் பார்த்தார். ஒரே ஒரு 'ஆர்ர்ர்' மட்டும், தொண்டையைச் சரிசெய்வதுபோல, போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தார். போட்டார்.

கூடம் நிமிர்ந்தது. "வந்துட்டாருடா" என்று ஒரு குரல். யாரோ கை தட்டினார்கள். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கண்ணாடி கழன்றது. ஒரு கண் மூடியது.

கடற்கொள்ளைக்காரர்கள் வேண்டாதவர்களைக் கப்பல் விளிம்பில் நீட்டிய பலகைமேல் நடக்க வைத்துக் கடலில் தள்ளுவார்களாம். 'இன்று இந்தக் கிழட்டுக் கடல்நாய்க்குப் பலகை போட்டிருக்கிறோம், மேட்டிகளே, நடக்கட்டும்' என்றார் கப்பல் சார் ஆங்கிலத்தில். கூடம் வெடித்தது.

மேடையிலிருந்து பார்த்தால் தெரிந்தது பற்கள்தான். வரிசை வரிசையாகப் பற்கள், எல்லாம் அக்காவைப் பார்த்து. அக்காவின் கணவர் தலையாட்டுவதை நிறுத்தினார். பெரியண்ணனின் கை குடைப்பிடியில் இறுகியது.

"எதுக்குச் சிரிக்கறாங்க?" என்று அவர் தங்கையிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கப்பல் சார் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா அண்ணன் பக்கம் சாய்ந்தார். பிறகு பேசியது அவருடைய ஃபோன் குரல். தழைந்த, அவசரமில்லாத, எதிரில் இருப்பவர் மூச்சைச் சீராக்குகிற குரல். "சந்தோஷத்துல சிரிக்கறாங்கண்ணா. என்னை அனுப்ப இவங்களுக்கு மனசே வரலையாம். நான் போனா இந்தக் கப்பலே தடுமாறிடும்னு உவமையாச் சொல்றாரு."

பெரியண்ணன் தலையசைத்தார். கப்பல் சாருக்குக் காதோரம் சூடேறியது. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அடுத்த வரி கண்ணெதிரே இருந்தது. அதைவிட, அடுத்த சிரிப்பு எதிரே காத்திருந்தது. படித்தார். 'பீப்பாய்க்குள் மாட்டிய எலிகள் கீச்சிட்டபோதெல்லாம் இவள் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்தாள்.' மறுபடியும் பற்கள்.

"இப்ப என்ன?"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு பயந்தவங்க எத்தனையோ பேரு, அண்ணா. என் குரலைக் கேட்டுத்தான் தைரியமா இருந்தாங்களாம். அதைச் சொல்றாரு."

"நீ அதுவா செஞ்சிட்டிருந்தே?" என்றார் பெரியண்ணன்.

"ஆமாண்ணா."

"சொல்லவே இல்லையே."

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கப்பல் சாரின் நாக்கு மட்டும் பாதி வாக்கியத்தில் இருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கத் தெரியாதவர் போல அதோடு போய்க்கொண்டிருந்தார். 'ரம் பீப்பாய் காலியானாலும் இவள் கயிற்றை விட்டதில்லை.' அந்த வரியில் பெரியண்ணனுக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது.

"ரம்முன்னு சொன்னாரே?"

அக்காவின் கணவர் தரையைப் பார்த்தார். அக்கா அதே ஃபோன் குரலில், "கப்பல்ல குடிக்கறதுக்கு அதுதான் இருக்குமாம். தாகம்கூடப் பார்க்காம வேலை செஞ்சேன்னு சொல்றாரு. இவர் ரொம்பப் படிச்சவருண்ணா. அப்படித்தான் பேசுவாரு" என்றார்.

ரொம்பப் படிச்சவர். பழிப்பாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அக்கா அதை அப்படிச் சொல்லவில்லை. கதவு திறக்காத ஒரு லிஃப்டுக்குள் நிற்கிற ஆளுக்காகச் சொல்வதுபோல, அவரையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். ஆங்கிலத்துக்காகவே சம்பளம் வாங்குகிறவருக்கு இரண்டு தாள் எழுதியும் வராத உரை, அந்த அம்மா வாயில் எந்தத் தாளும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அந்த ஒவ்வொரு வரியும் உண்மை. அவருக்கும் அது தெரியும். ஒரு தடவை அவரே மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய, அக்காவிடம் தம் வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

தாளை மடித்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். சிரிப்பு அடங்கிற்று. எல்லாரும் அடுத்த குண்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கர் கேக்கை மறந்து நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

செய்த தவறைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற வேகம் அவருக்கு. யாருக்காகச் சரிசெய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கரகரப்பில்லாத சொந்தக் குரலில், வீட்டில் பேசுகிற மொழியில், மைக்கிலேயே சொன்னார்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நான் இப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க வேண்டாம்னு சொல்லியும் பேசிட்டேன்."

இத்தனை மாதத்தில் அவர் கூட்டத்தின் முன் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கூடம் ஒரு கணம் விழித்தது. பிறகு, இதுதான் இன்றைய புதுச் சரக்கு என்று புரிந்துகொண்டு, முன்வரிசையில் ஆரம்பித்துச் சிரித்தது. மேலாளர் தொடையில் தட்டினார். கணக்கர் "ஐயோ சார், முடியல" என்று முன் நாற்காலியின் முதுகில் கவிழ்ந்தார்.

அக்கா அவரைப் பார்த்தார். இத்தனை நேரம் வராத ஒன்று அப்போதுதான் அந்தக் கண்களில் வந்தது. ஏனென்றால் அந்த உரையிலேயே பெரியண்ணனுக்கு முழுசாகப் புரிந்த பகுதி அதுதான்.

"மன்னிப்பு எதுக்குக் கேக்கறாரு?" என்றார் பெரியண்ணன். "என்ன வேண்டாம்னு சொன்னே நீ?"

ஃபோன் குரல் ஒரு முறை இடறியது. பிறகு நிதானத்துக்கு வந்தது. "என்னைப் பத்தி ரொம்பப் புகழ்ந்து பேசாதீங்கன்னு கேட்டிருந்தேண்ணா. மீறிட்டாரு."

பெரியண்ணன் அதை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நம்பினாரா என்று கப்பல் சாருக்குத் தெரியவில்லை. குடையைத் தங்கையின் கணவரிடம் கொடுத்துவிட்டு, அவர் மெல்லக் கை தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே தங்கை பக்கம் குனிந்து, "ஃபோன் எடுக்கறதுல இவ்வளவு இருக்கா" என்றார். அக்கா கைக்குட்டையை எடுத்தார்.

கப்பல் சார் மைக்கை விட்டு விலகி நின்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டார். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று கிடைத்த சிரிப்பிலேயே அதுதான் பெரியது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.